உண்ணும் கூடமும் உட்காரும் உரிமையும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வேற்று மாநிலம் செல்பவர், அங்கே முதன்முதலில் நுழையும் பொது இடம் எது? பெரும்பாலும் அஃது ஓர் உணவுச்சாலையாகவே இருக்கும். இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், பெட்டியை ஒரு கையில் பற்றிக்கொண்டு, ஒரு வாய் காப்பிக்கு இடம் தேடுவது நம்மவர் வழக்கம். குடியிருக்க வீடு அமைவதற்கு மாதக் கணக்கில் ஆகலாம். அதுவரை உணவுச்சாலையின் கூடமே அவருக்கு வீட்டுக் கூடம். நண்பரைச் சந்திப்பதும், நாளிதழ் படிப்பதும், ஊருக்குக் கடிதம் எழுதுவதும் அங்கேதான் நடந்துவந்தன.

உணவின் சுவையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். எந்த ஓட்டலில் தோசை முறுகலாக இருக்கும், எங்கே காப்பி கெட்டியாக இருக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு விடை தருவோம். ஆனால் அந்தத் தோசையை உண்ணும் கூடத்தைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் சிலரே. சுவர் எங்கே எழும்புகிறது, மேசை எவ்வளவு உயரம், நாற்காலிக்கு முதுகு உண்டா, விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, சமையலறை கண்ணுக்குத் தெரிகிறதா என்பனவெல்லாம் வெறும் அலங்காரச் செய்திகள் அல்ல. பரிமாறுபவர் வாய் திறந்து "என்ன வேண்டும்?" என்று வினவுவதற்கு முன்பே, அந்த அமைப்பு நம்மிடம் பேசிவிடுகிறது. "வருக, அமைதியாக இருக்கலாம்" என்றோ, "உண்டதும் எழுந்துவிடுக" என்றோ, "உமக்கு ஏற்ற இடம் இது அன்று" என்றோ அது சொல்லிவிடும். இந்தப் பேச்சை எப்படிக் கேட்டு உணர்வது என்பதை, பெங்களூர் நகரத்துச் சிற்றுண்டிச்சாலைகள், காப்பி இல்லங்கள், மதுக்கூடங்கள் ஆகியவற்றின் துணையோடு இங்கே காண முற்படுவோம்.

பெங்களூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அஃது இரண்டு ஊர்களாக வாழ்ந்தது. ஒன்று கெம்பெகௌடர் அமைத்த பழைய பேட்டை. மற்றொன்று, 1809-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலேயர் அல்சூர்ப் பகுதியில் நிறுவிய படைவீடு. 'தண்டு' என்று மக்கள் வழங்கியது அதனையே. அந்தத் தண்டினை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து சிப்பாய்களும், கொத்தர்களும், வணிகர்களும், சமையற்காரர்களும் வந்து குடியேறினர். பேட்டைக்கு ஒரு நகராட்சி, தண்டுக்கு ஒரு நகராட்சி என்று இருந்த நிலை 1949-இல் மாநகராட்சி அமைந்தபோதுதான் மாறியது. ஊர் இரண்டாக இருந்ததால் உண்ணும் இடங்களும் இரு வகையாக வளர்ந்தன. பேட்டைப் பக்கத்தில் உடுப்பி வட்டாரத்தார் நடத்திய சிற்றுண்டிச்சாலைகள் பெருகின. தண்டுப் பக்கத்தில் வெள்ளையருக்கான ஓட்டல்களும், கிளப்புகளும், அவற்றுள் மதுக்கூடங்களும் எழுந்தன. இன்று புகழ்பெற்று விளங்கும் வெஸ்ட் எண்ட் ஓட்டல், 1887-இல் பிரான்சன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணியால் பத்தே அறைகள் கொண்ட தங்கும் விடுதியாகத் தொடங்கப் பெற்றது. 1912-இல் சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் அதனை ஏற்றுக்கொண்டது.

இவ்விரு வகைக் கூடங்களுக்கும் ஓர் ஒற்றுமை இருந்தது. இரண்டும் வாசலிலேயே மனிதரைப் பிரித்தன. தண்டுப் பக்கத்தில் பிரித்தது நிறம். பேட்டைப் பக்கத்தில் பிரித்தது சாதி. அக்காலத்துத் தென்னாட்டு உணவுச்சாலைகள் பலவற்றில் பிராமணர்க்கு ஓர் இடம், ஏனையோர்க்கு ஓர் இடம் என்று கூடம் தடுக்கப்பட்டிருந்தது; தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களோ வாசற்படியைத் தாண்ட இயலாது. கட்டடக் கலையின் நோக்கில் பார்த்தால் அது நான்கடி உயரத்துப் பலகைத் தடுப்பு. ஒரு தச்சர் அரை நாளில் செய்துவிடக் கூடியது. ஆனால் அதை அகற்றுவதற்கு ஒரு நாட்டின் அரசியலமைப்பே எழுதப்பட வேண்டியிருந்தது.

1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கடைகளிலும் பொது உணவுச்சாலைகளிலும் ஓட்டல்களிலும் எந்தக் குடிமகனையும் தடுத்தல் ஆகாது என்று விதிக்கிறது. உணவுச்சாலை என்னும் சொல் ஒரு நாட்டின் அடிப்படை உரிமைகளுள் இடம் பெற்றிருப்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. ஆயினும் பலகைகள் எளிதில் இறங்கவில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவுச்சாலையின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரி, 1957-இல் பெரியார் ஈ.வெ.ரா. மறியல் போராட்டம் நடத்தினார். சிற்றூர்த் தேநீர்க் கடைகளிலோ தடுப்புப் பலகை போய், தனிக் குவளை வந்தது. ஆணியில் தொங்கிய அந்த இரண்டாம் குவளையும் உள்ளமைப்பின் ஒரு பகுதியே. ஆதலால், உணவுக் கூடத்தில் எது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்னும் கேள்வி சிறு கேள்வி அன்று.

இனி, பெங்களூர்க் கூடங்கள் எவ்வாறு மாறின என்பதைப் பார்ப்போம்.

லால்பாக் சாலையிலுள்ள மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்னும் சிற்றுண்டிச்சாலையை அறியாத பெங்களூர்த் தமிழர் இல்லை. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924-இல் அதனைத் தொடங்கியபோது அதன் பெயர் 'பிராமின் காபி கிளப்'. 1960-இல் இப்போதைய இடத்துக்கு வந்தபோது, தான் இருக்கும் மாவள்ளிப் பகுதியின் பெயரைச் சூடிக்கொண்டது. இந்தப் பெயர் மாற்றத்தோடு இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துக் காணவேண்டும். மையா குடும்பத்தைச் சேர்ந்த யக்ஞநாராயண மையா 1951-இல் ஐரோப்பா சென்று, அங்குள்ள உணவுச்சாலைகளின் தூய்மையைக் கண்டு வந்தார். திரும்பிய பின் பாத்திரங்களை வெந்நீராவியால் தூய்மை செய்யும் முறையைப் புகுத்தினார். வாடிக்கையாளர் சமையலறையைத் தாமே பார்த்துக்கொள்ளவும் வழி செய்தார்.

இதன் பொருளை உணர, நம் பழைய வழக்கத்தை நினைவுகூர வேண்டும். நம் வீடுகளில் அடுக்களை கடைசிக்கட்டில் இருப்பது. அயலார் கண்ணில் படாதது. பார்வைபட்டாலே தீட்டு என்று எண்ணிய காலமும் உண்டு. ஆகவே பழைய ஓட்டல்களில் சமையலறை மறைக்கப்பட்டது. சமைப்பவர் இன்ன சாதியார் என்று பலகை எழுதுவதே தூய்மைக்குச் சான்றாகக் கருதப்பட்டது. சமையலறையைத் திறந்து காட்டியவுடன் அந்தச் சான்று தேவையற்றதாகிவிட்டது. 'யார் சமைத்தார்?' என்ற கேள்வியின் இடத்தில் 'எப்படிச் சமைத்தார்?' என்ற கேள்வி வந்து அமர்ந்தது. ஒரு கதவைத் திறந்து வைப்பதும் உள்ளமைப்புக் கலைதான்; பொன் முலாம் பூசிய விளக்கைவிட அதற்குப் பயன் மிகுதி.

அடுத்தபடி காப்பி இல்லம். இந்தியக் காப்பி வாரியம் நாடெங்கும் நடத்திவந்த காப்பி இல்லங்களை 1950-களின் நடுவில் மூட முற்பட்டபோது, வேலையிழக்கும் நிலைக்கு வந்த தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலன் போன்ற தலைவர்களின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாமே அவற்றை நடத்த முன்வந்தனர். அவ்வகையில் முதற் சங்கம் உருவானது பெங்களூரில்தான். நாள் 1957 ஆகஸ்டு 19. மகாத்மா காந்தி சாலையில் இருந்த காப்பி இல்லம் அரை நூற்றாண்டுக் காலம் அந்நகரத்தின் திண்ணையாக விளங்கி, 2009-இல் சர்ச் தெருவுக்கு இடம் மாறியது.

அந்தக் கூடத்தில் விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லை. எதிரெதிராகப் போடப்பட்ட மர இருக்கைகள், இடையே சிறு மேசை, சுவரில் காப்பி விளம்பரப் படங்கள், விசிறி மடிப்புத் தலைப்பாகை அணிந்த பணியாளர்கள் என்ற அளவே. ஆனால் அந்த இருக்கைகளுக்கு முதுகு உயரம். நால்வர் எதிரெதிரே அமர்ந்தால், அடுத்த வரிசையில் இருப்பவரின் தலை தெரியாது. பேச்சும் ஓரளவு தடுக்கப்படும். கதவில்லாத ஒரு சிற்றறை அங்கே கிடைத்துவிடுகிறது. ஒரு குவளைக் காப்பியின் விலைக்கு ஒரு மணி நேரத் தனிமையைக் கொடுத்த அமைப்பு அது. வேலை தேடி வந்த இளைஞரும், ஓய்வு பெற்ற நீதிபதியும், எழுத்தாளரும் ஒரே அளவு மேசையில், ஒரே காப்பியைக் குடித்தனர். அலைந்து களைத்து வந்தவர்க்கு 'எழுந்திரு' என்று சொல்லாத இருக்கை எவ்வளவு பெரிய உதவி என்பதை நம்முள் பலர் அறிவோம்.

இதே கூட்டுறவுக் காப்பி இல்லங்களுள் திருவனந்தபுரம் தம்பானூரில் உள்ள ஒன்று, உள்ளமைப்புக்கே பாடமாகக் கொள்ளத்தக்கது. அதனை வடிவமைத்தவர் லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர். இடம் மிகக் குறுகியது. ஆகவே அவர் மாடிகளைத் தனித்தனியாக அடுக்காமல், செங்கல்லால் ஒரு வட்டக் கோபுரம் எழுப்பி, அதனுள் சுருள்போல் ஏறிச் செல்லும் ஒரே சரிவுத் தளத்தை அமைத்தார். மேசைகளும் இருக்கைகளும் சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டவை. சுவரில் விட்ட சிறு துளைகள் வழியே காற்றும் ஒளியும் வருகின்றன. சுழன்று ஏறும் அந்தக் கூடத்தில் மேல்தளம், கீழ்த்தளம் என்ற வேறுபாடே கிடையாது. நாற்காலி வாங்கும் செலவும் மிச்சம். உடைந்து போகும் கவலையும் இல்லை. சிக்கனமும் அழகும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை.

இனி மதுக்கூடத்துக்கு வருவோம். மதுவைப் புகழ்வது நம் நோக்கமன்று. குடியால் கெட்ட குடும்பங்களை நாம் அறியாதவரல்லோம். ஆனால் பெருநகரங்களில் ஓட்டல் என்றால் அதனுள் 'பார்' என்ற பகுதியும், 'பிஸ்ட்ரோ' என்ற சிற்றுணவுப் பகுதியும் இருப்பது வழக்கமாகிவிட்டது. அவற்றில் வேலை செய்வோரில் நம்மவரும் பலர். ஆகவே அவற்றின் அமைப்பை அறிந்துகொள்ளுதல் நன்று.

'பார்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தடுப்புக் கட்டை என்பது பொருள். வார்ப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே இருந்த கட்டையின் பெயர், நாளடைவில் அறைக்கே ஆகிவந்தது. அந்தக் கட்டையின் உயரம் பெரும்பாலும் மூன்றரை அடி. அதன் முன் இடும் உயர முக்காலி இரண்டரை அடி. நாம் உணவுண்ணும் மேசையோ இரண்டரை அடி. அதற்குரிய நாற்காலி ஒன்றரை அடி. இரண்டிலும் இருக்கைக்கும் மேற்பலகைக்கும் இடையே ஓரடி வேறுபாடு இருப்பதைக் காணலாம். கை வசதியாக இயங்க அந்த ஓரடி வேண்டும். பின் ஏன் ஒன்றை உயர்த்தினர்? நின்றுகொண்டு வார்ப்பவர் குனியாமல் வேலை செய்யவேண்டும் என்பது ஒரு காரணம். உயர முக்காலியில் அமர்ந்தவரின் கண்ணும் நிற்பவரின் கண்ணும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கும் என்பது மற்றொன்று. பணியாளர் நிமிர்ந்து நின்று, வந்தவரோடு நேருக்கு நேர் பேச முடிகிறது. தனியே வந்தவரும் அங்கே தனியராகத் தோன்றுவதில்லை. நால்வர் மேசையில் ஒருவராக உட்காரும் கூச்சம் அவருக்கு இல்லை.

'பிஸ்ட்ரோ' என்பது பாரிசு நகரத்துச் சொல். நாட்டுப்புறங்களிலிருந்து பிழைப்புக்காகப் பாரிசுக்கு வந்தவர்கள் நடத்திய சிறிய கடைகளோடு இணைத்துப் பேசப்படுவது அது. 1814-இல் பாரிசில் புகுந்த உருசியப் போர்வீரர்கள் 'விரைவாக' என்று தம் மொழியில் கூவியதிலிருந்து இச்சொல் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. ஆனால் இச்சொல் எழுத்தில் தோன்றுவது ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரே. ஆதலின் அறிஞர் அக்கதையை ஏற்பதில்லை. பிஸ்ட்ரோவின் உள்ளமைப்பு, இடப் பற்றாக்குறையிலிருந்து பிறந்தது. மேசைகள் சிறியன, நெருக்கமாக இடப்பட்டவை. மேற்பலகை பளிங்கு, ஏனெனில் துடைப்பது எளிது. சுவரில் கண்ணாடி, அது கூடத்தை இருமடங்காகக் காட்டும், விளக்கொளியைப் பரப்பும், சுவரைப் பார்த்து அமர்ந்தவருக்கும் கூடத்தைக் காட்டும்.

அங்கே இடப்படும் நாற்காலிக்கும் ஒரு வரலாறு உண்டு. மைக்கேல் தோனெத் என்பார் மரத்தை நீராவியில் வளைத்து நாற்காலி செய்யும் முறையைக் கண்டவர். அவருடைய 14-ஆம் எண் நாற்காலி 1859-இல் வெளிவந்தது. ஆறு மரத் துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள் கொண்டு அது பூட்டப்படும். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். ஆகவேதான் அது கடல் கடந்து உலகெங்கும் சென்றது. மும்பையில் வாழும் நம்மவர்க்கு இது புதிதன்று. அங்குள்ள இரானியர் கடைகளில் வளைமர நாற்காலியும், பளிங்கு மேசையும், சுவர்க் கண்ணாடியும் ஒருசேரக் காணலாம். பாரிசில் ஏழைத் தொழிலாளர்க்குப் பொருந்திய அமைப்பு மும்பையின் ஆலைத் தொழிலாளர்க்கும் பொருந்தியதில் வியப்பில்லை.

பெங்களூரில் இவ்வகைக்கு நெருங்கிய பழைய இடம், செயின்ட் மார்க்ஸ் சாலையிலுள்ள கோஷீஸ். கேரளத்திலிருந்து வந்த கோஷி குடும்பத்தார் 1940-இல் ரொட்டிக் கடையாகத் தொடங்கியது, பின்னர் உணவுச்சாலையாக வளர்ந்தது. மின்விசிறி சுழலும் பெரிய கூடம் ஒன்று, குளிரூட்டிய கூடம் ஒன்று என இரு பகுதிகள். பெரிய கூடத்தில் ஒரு மேசையில் காப்பியும் ரொட்டியும், அடுத்த மேசையில் பீரும் வறுவலும் இருக்கும். குடிப்பவர் ஒளிந்துகொள்வதில்லை, குடியாதவர் ஒதுங்கிக்கொள்வதும் இல்லை. உயர்ந்த கூரை, சன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் ஆகியவை இதற்குத் துணை செய்கின்றன.

இதனை, நம் ஊர்களில் மதுக்கடையை ஒட்டி இருக்கும் இருண்ட கொட்டகைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சன்னல் இல்லை, காற்று இல்லை, உண்பதற்கு ஏற்ற உணவும் அரிது. வெளிச்சம் இல்லாத இடத்தில் அளவும் தெரியாது. வெறும் வயிற்றில் அருந்திய மது விரைவாக இரத்தத்தில் கலக்கும் என்பதை மருத்துவம் சொல்கிறது. இருட்டையும் பசியையும் ஒன்றாக அடைத்து வைத்த கொட்டகையில் மனிதன் நிலைதடுமாறினால், குறை முழுவதும் அவனுடையது அன்று. கொட்டகையை அமைத்தவர்க்கும் அதில் பங்குண்டு.

1980-களில் பெங்களூரில் 'பப்' எனப்படும் பீர்க் கூடங்கள் பெருகின. பீப்பாயிலிருந்து குழாய் வழியே வார்க்கும் பீர், மரச் சுவர்கள், இசை என்பன அவற்றின் அடையாளம். சர்ச் தெருவில் ஒரு கூடம் விண்கலத்தின் உட்பகுதி போலவே அமைக்கப்பட்டு, ஊரார் பலராலும் பேசப்பட்டது. இக்கூடங்களின் வேடிக்கை அலங்காரங்கள் வந்து போயின. நிலைத்த மாற்றம் வேறு. ஆடவர் மட்டுமே மறைவாகச் செல்லும் இடமாக இருந்த மதுக்கூடத்தில், தெருவைப் பார்த்த வாசலும் போதிய வெளிச்சமும் வந்த பிறகு பெண்களும் நண்பர்களோடு வந்து அமர்ந்தனர். அதை எல்லாரும் ஏற்கவில்லை. 2009 ஜனவரியில் மங்களூரில் ஒரு பப்பினுள் புகுந்து பெண்களைத் தாக்கிய நிகழ்ச்சி நாட்டையே அதிரச் செய்தது. இருக்கையைத் தச்சர் செய்து தந்துவிடலாம். அதில் அஞ்சாமல் அமரும் உரிமையைச் சட்டமும் சமுதாயமும் சேர்ந்தே காக்க வேண்டும்.

கூடத்தின் ஒலியைப் பற்றியும் ஒரு சொல். பளிங்கு, கண்ணாடி, ஓடு ஆகிய கடினமான பரப்புகள் ஒலியை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகின்றன. இரைச்சல் மிகுந்தால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவர் என்பதை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லொம்பார்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கண்டு சொன்னார். ஒருவர் உயர்த்த, அடுத்தவரும் உயர்த்த, கூடம் சந்தையாகிவிடும். மரம், துணித் திரை, பிரம்புப் பாய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைச் சுவரிலோ கூரையிலோ சேர்த்தால் இரைச்சல் தணியும். புதிய மொழி பேசும் ஊரில், எதிரே இருப்பவரின் சொல் தெளிவாகக் காதில் விழுவது எத்துணை இன்றியமையாதது என்பதைப் புலம்பெயர்ந்தவரே நன்கு அறிவர்.

மதுக்கூடத்தின் மூன்றரை அடிப் பலகை, பெங்களூரில் காப்பிக்கும் வந்து சேர்ந்தது. சங்கரபுரத்தில் 1965-இல் தொடங்கிய சிற்றுண்டிக் கடையொன்றின் பெயரிலேயே 'காபி பார்' என்பது இருக்கிறது. இம்முறையை நகரெங்கும் பரப்பியவை 'தர்ஷினி' என்னும் கடைகள். 1983-இல் ஜயநகரில் தொடங்கிய கபே தர்ஷினி இவ்வகையில் முன்னோடி. தர்ஷினி என்னும் பெயரில் காட்சி என்னும் பொருள் அடங்கியிருக்கிறது. சமையல் நடப்பது கண்ணெதிரே தெரியும். முதலில் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கவேண்டும். தட்டைத் தாமே எடுத்துவந்து, உயரமான வட்ட மேசையருகே நின்று உண்ணவேண்டும். இருக்கைகள் இல்லாததால் சிறு இடத்தில் பலர் உண்ணலாம். பரிமாறும் செலவு இல்லாததால் விலை குறைவு. வாடகை ஏறிய நகரத்தில் ஏழைக்கும் எட்டும் விலையில் நல்ல இட்டலி கிடைத்ததற்கு இந்த அமைப்பே காரணம்.

சமத்துவத்தின் நோக்கில் பார்த்தால், தர்ஷினி பலகைத் தடுப்பிலிருந்து நெடுந்தொலைவு வந்துவிட்டது. நிற்கும் மேசைக்கு முன்வரிசை, பின்வரிசை இல்லை. மகிழுந்தில் வந்தவரும், கட்டட வேலைக்கு வந்த தொழிலாளியும் ஒரே வட்டத்தில் தட்டை வைக்கின்றனர். ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. முதியவர், கருவுற்ற பெண், கால் இயலாதவர், கைக்குழந்தையோடு வந்த தாய் ஆகியோர் நின்றுகொண்டு உண்பது எப்படி? பொது இடங்கள் யாவர்க்கும் எளிதில் அணுகத்தக்கனவாக இருக்கவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. சுவரோரம் ஒரு நீண்ட பலகை, தாழ்ந்த மேசை ஒன்று, வாசற்படிக்குப் பக்கத்தில் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற அளவில் ஒரு சரிவு ஆகியவற்றை அமைக்கப் பெருஞ்செலவு ஆவதில்லை. சில தர்ஷினிகளில் இத்தகைய பலகை இருப்பதைக் காண்கிறோம். எல்லாவற்றிலும் இருத்தல் வேண்டும்.

உட்காரும் உரிமை உண்ண வருபவர்க்கு மட்டும் உரியதன்று. அடுப்பின் முன்னும், கல்லாவின் பின்னும், பாத்திரம் துலக்கும் தொட்டியருகிலும் நாள் முழுதும் நிற்பவர்க்கும் அஃது உரியது. அவர்களுள் வேற்று மாநிலத்திலிருந்து வந்தவரே மிகுதி. கேரளத்தில் துணிக்கடைகளில் வேலை செய்த பெண்கள் போராடியதன் பயனாக, கடைத் தொழிலாளர்க்கு இருக்கை தரவேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2018-இல் வந்தது. தமிழ்நாடு 2021-இல் அதே வழியில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கூடத்துக்கு விலையுயர்ந்த விளக்குப் பொருத்தும் முதலாளி, சமையலறையில் வழுக்காத தரையும், வெப்பத்தை வெளியேற்றும் போக்கியும், ஒரு முக்காலியும் அமைத்துவிட்டாரா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

அண்மைக் காலத்தில் பெரிய ஓட்டல்களில் 'நம் பண்பாடு' என்ற பெயரால் ஓர் அலங்காரம் பரவியுள்ளது. காரைக்குடிப் பக்கத்து வீடுகள் இடிக்கப்படும்போது விலைக்கு வரும் தேக்குத் தூண்களும் கதவுகளும், ஆத்தங்குடித் தரை ஓடுகளும், பித்தளை அண்டாக்களும் மதுக்கூடச் சுவர்களை அணிசெய்கின்றன. ஊரை விட்டு வந்தவர்க்கு அவற்றைக் காணும்போது நெஞ்சு நெகிழ்வது இயல்பே. அவற்றில் தவறும் இல்லை. ஆத்தங்குடி ஓடு வாங்கப்படும்வரை அதைக் கையால் வார்க்கும் தொழிலாளிக்குப் பிழைப்பு உண்டு. ஆனால் செட்டிநாட்டு வீட்டின் பெருமை தூணில் மட்டும் இல்லை. வழிப்போக்கர் கேளாமலே அமரும்படி தெருவை நோக்கித் திண்ணை கட்டி வைத்ததிலும் அது உண்டு. தூணைக் கொண்டுவந்தவர்கள் திண்ணையை விட்டுவிட்டு வந்தால், கொண்டுவந்தது பாதியே.

காந்தி பஜாரில் உள்ள வித்யார்த்தி பவனை இவ்விடத்தில் நினைக்கலாம். 1943-இல் மாணவர்களுக்கெனத் தொடங்கப் பெற்ற அச்சிற்றுண்டிச்சாலையின் சுவர்களில் கன்னட எழுத்தாளர்களின் உருவங்கள் கோட்டோவியங்களாக மாட்டப்பட்டுள்ளன. அங்கே அமர்ந்து தோசை உண்ணும் தமிழர் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் "இவர் யார்?" என்று கேட்டால், ஓர் உரையாடல் தொடங்கிவிடும். தாம் வாழ வந்த மண்ணின் மொழியை அறிந்துகொள்ள அந்தச் சுவர் ஒரு வாயில் ஆகிறது. பண்பாட்டைச் சுவரில் மாட்டுவதானால் இப்படி மாட்டுதல் நலம்.

பிற மாநிலங்களில் சிறு சிற்றுண்டிக் கடையேனும் தொடங்க எண்ணும் நம்மவர் பலர் உளர். ஏற்கனவே நடத்துபவர்களும் உளர். கடைக்கு வண்ணம் பூசும் முன் அவர்கள் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். சமையலறை கண்ணுக்குத் தெரிகிறதா? மேசைகளுக்கு இடையே தட்டோடு ஒருவர் நடக்க மூன்றடி வழி இருக்கிறதா? தனியே வரும் பெண் வாசலில் தயங்காமல் நுழையும்படி வெளிச்சம் உண்டா? முதியவர் சாய்ந்து அமர ஓர் இருக்கை உண்டா? வேலை செய்யும் பையனுக்குக் கால் மணி நேரம் உட்கார ஓர் இடம் உண்டா? கூடம் நிறைந்திருக்கும் வேளையில், அழுக்குச் சட்டையோடு கையில் பெட்டியுடன் வந்து நிற்கும் புதியவரின் பெட்டியை வைக்க ஒரு மூலை உண்டா?

இக்கேள்விகளுக்கு 'உண்டு' என்று விடை சொல்லக் கூடிய கடைக்கு அலங்காரம் சற்றுக் குறைந்தாலும் கூட்டம் குறையாது. அந்தப் பெட்டியோடு ஒரு நாள் வந்து நின்றவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர்.